வெயில் படாத வரைக்கும்

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. அதில் ஒரு கட்டைப்பை தொங்கும். அதற்குள் முழுக்கக் கவர்கள். மதுரை மாட்டுத்தாவணியில் காய் வாங்கினால் வரும் கோடு போட்ட கவர், கறிக்கடைக் கறுப்புக் கவர், மருந்துக்கடை வெள்ளைக் கவர், எல்லாம் கசங்கி ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து வைத்திருக்கும். 2023 பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தபோது கதவை இழுத்ததில் ஆணி பெயர்ந்துவிட்டது. கட்டைப்பை விழுந்து, உள்ளே இருந்ததெல்லாம் கூடம் வரைக்கும் பரவிக் கிடந்தது. நானும் மகளும் உட்கார்ந்து எண்ணினோம். 214. தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1. எத்தனை மைக்ரான் தடிமன் என்ற கேள்விக்கே இடமில்லாத தடை. அதற்கு நான்கு வருஷம் கழித்து ஒரு வீட்டின் ஒரே ஓர் ஆணியில் 214.

அதில் பாதிக்கு மேல் என் தொழில் வழியாக வந்தவை. செல்லூரில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். துணி கொண்டு வருகிறவர்கள் சேலையையும் ஃபால்ஸையும் அளவு ரவிக்கையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டு வருவார்கள், தைத்ததை வாங்கும்போது கையில் மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கவர் தங்கிவிடும். அன்றைக்கு எனக்கு எரிச்சல். வெள்ளையடிக்கிற அண்ணன் நிற்கிறார், வேலை கெடுகிறது. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போடலாம் என்று எழுந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "எங்கடி போடப் போற?"

"குப்பைலம்மா."

"குப்பை எங்க போகுது?"

"வெள்ளக்கல்லுக்கு."

"அங்க போயி?"

அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அவனியாபுரம் பக்கம் போகிறபோதெல்லாம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கைப் பார்த்திருக்கிறேன். காற்றடித்தால் வேலியெல்லாம் கவர் பூத்துக் கிடக்கும். என் வீட்டிலிருந்து போனால் வீடுதான் சுத்தமாகும், கவர் அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் எழுந்ததுதான் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

சணல் உருண்டை

அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. கவர் சேர்ப்பது அவருக்குக் கவரோடு வந்த பழக்கம் இல்லை. முன்பெல்லாம் மளிகைக் கடையில் துவரம்பருப்பையும் மல்லியையும் செய்தித்தாளில் கூம்பு சுற்றிப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். மேலே ஒரு கொக்கியில் தொங்கும் சணல் நூல்கண்டிலிருந்து இழுத்து நாலு சுற்று சுற்றி, விரலிலேயே வெடுக்கென்று அறுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் செய்வது அந்த நூலைப் பிரிப்பதுதான். பல்லால் கடித்து அறுத்தால் திட்டு விழும். முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, ஏற்கெனவே இருக்கும் உருண்டையோடு சேர்த்துச் சுற்றி வைப்பார். தாளை நீவி மடித்து அரிசிப்பானைக்கு அடியில் வைப்பார். கறிக்குத் தூக்குவாளி, எண்ணெய்க்குச் சீசா. பூ வாழை இலையில் வரும், நாரைக் கிழித்துத் திரும்பப் பூக்கட்டலாம். மல்லிகை மட்டும் மதுரையில் இன்றைக்கும் பல இடத்தில் அப்படித்தான் கிடைக்கிறது.

கையில் வந்த பொருளை ஒரே தடவையில் முடித்துவிடக் கூடாது என்பது அவர் கைக்குப் பழகிப்போன கணக்கு. சணல் போய்க் கவர் வந்தபோது அதே கையால் கவரையும் நீவி மடித்தார். ஆனால் சணல் உருண்டை ஒரு அளவுக்கு மேல் பெருக்காது, ஏனென்றால் அதற்கு வீட்டில் வேலை இருந்தது. கவர் வருகிற வேகத்துக்கு எந்த வீட்டிலும் வேலை இல்லை. அதனால்தான் கட்டைப்பை வீங்கிக்கொண்டே போகிறது. அம்மா கஞ்சத்தனமாகச் சேர்க்கிறார் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அவர் அவற்றைக் குப்பைக்குப் போகாமல் பிடித்து வைத்திருக்கிறார், என்ன செய்வதென்று தெரியாமல்.

சரி, வேலை கண்டுபிடிப்போம் என்று இறங்கினேன்.

ராட்டையில் ஏறிய கவர்

எதிர்வீட்டு அக்கா தறிக்குடும்பம். செல்லூரில் தறிச்சத்தம் தெருவுக்குத் தெரு கேட்ட காலத்தில் அவர் வேலை தார் சுற்றுவது, தறியில் குறுக்கே ஓடும் நூலை ராட்டையில் சுற்றித் தருவது. தறியை எப்போதோ விற்றாயிற்று, ராட்டை மட்டும் பரணில் இருந்தது. சாயங்கால நேரம் ஒயர் கூடை பின்னுவார். சிவன் கண், நெல்லிக்காய் என்று எல்லாப் பின்னலும் பார்க்காமலே போடும் விரல். அவரிடம் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு கவரை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உரசிப் பார்த்தார், துணியைப் பார்ப்பதுபோல. "நூலாக்கிரலாம் தாயி, நீ வெட்டிக் குடு" என்றார்.

வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கவரைத் தரையில் போட்டு நன்றாக நீவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மேலே இரண்டு காதையும், கீழே ஒட்டிய விளிம்பையும் வெட்டி எடுத்தால் இரண்டு பக்கமும் திறந்த குழாயாகிவிடும். அதை நீளவாக்கில் மடித்துக் குறுக்கே ஒன்றரை அங்குல அகலத்தில் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் வளையம். சின்ன வயதில் ரப்பர் பேண்டை ஒன்றுக்குள் ஒன்று கோத்துத் தாண்டி விளையாடுவோமே, அதேபோல வளையத்துக்குள் வளையத்தை விட்டு இழுத்தால் முடிச்சுப் போடாமலே நீண்டுகொண்டு போகும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். விட்டு இழுக்க வேண்டும். துணி வெட்டும் கத்தரியை இதற்கு எடுக்காதீர்கள், பழைய கத்தரி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரவிக்கைத் துணியில் கத்தரி நழுவினால் தையல்காரிக்கு எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அக்கா ராட்டையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து எண்ணெய் விட்டார். நான் கோத்துக் கொடுத்த சரத்தின் நுனியைக் கதிரில் மாட்டிச் சுற்றியபோது, அந்தச் சரசரக்கும் கவர் முறுக்கேறி, பளபளப்பு மங்கி, வாழைநார் மாதிரி ஆனதைப் பார்த்தேன். சத்தம்கூட மாறிவிட்டது. கசங்கல் ஒலி போய் நூல் ஓடும் ஒலி. அக்கா ஒன்றும் பேசவில்லை. வலது கை சுற்றுகிறது, இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முறுக்கை வாங்கி வாங்கி விடுகின்றன. இருபது வருஷம் கழித்துத் தொட்ட வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு மரச்சட்டத்தில் ஆணி அடித்து, தறிக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய கழிவு நூலைப் பாவாக, நீளவாக்கில் கட்டினோம். குறுக்கே ஓடும் ஊடைக்குக் கவர் நூல். பத்து நாள் சாயங்காலத்தில், குளியலறை வாசலுக்குப் போடும் அளவில் ஒரு மிதியடி. 70 கவர் அதற்குள் போய்விட்டது. தண்ணீர் பட்டால் ஊறாது, உதறினால் காய்ந்துவிடும், வழுக்கவும் இல்லை. மீதியில் இன்னொரு 60 கவரை எடுத்து மூன்று புரியாகத் திரித்து 22 அடிக் கயிறு. அதை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டித் தூணுக்கும் கைப்பிடிச் சுவர்க் கம்பிக்கும் இழுத்துக் கட்டித் துணி காயப்போடும் கொடியாக்கினேன். அம்மா தன் பங்குக்குத் தடிமனான மூன்று கவரில் மண் நிரப்பிப் புதினா வைத்தார். மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கொடியைத் தொட்டுப் பார்ப்பேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆவணியில் ஒரு சாயங்காலம்

அந்த வருஷம் ஆவணியில் ஒரு நாள். வெயில் பகல் முழுக்கக் கொளுத்திவிட்டு, நாலு மணிக்கு மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. துணி எடுக்க ஓடினேன். ஈரப் போர்வையின் பாரம் தாங்காமல் கொடி நடுவில் அறுந்து எல்லாம் தரையில் கிடந்தது. கயிறு அறுவது பெரிய விஷயம் இல்லை, முடிந்துகொள்ளலாம் என்று நுனியைப் பிடித்தேன். கையோடு வந்துவிட்டது. கயிறாக வரவில்லை, செதிலாக வந்தது. பொரித்த அப்பளத்தைப் பிடித்ததுபோல விரலுக்குள் நொறுங்கியது. உள்ளங்கை முழுக்க வெள்ளையும் நீலமுமாகப் பொடி. ஊதினால் பறக்கிறது, தட்டினால் ஒட்டிக்கொள்கிறது. போர்வையை உதறினேன், மாடியெல்லாம் பரவியது. புதினா வைத்த கவரைத் தூக்கப் போனேன். காது என் கையில் வந்தது. பக்கமெல்லாம் உரிந்து விழுந்து, மண் மட்டும் பையின் வடிவத்தில் நின்றது.

விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினேன். பெருக்கப் பெருக்கப் பெரிய செதில் சின்னதாகிறது, சின்னது தூசியாகிறது. முறத்தில் ஏறியதைவிடத் தளத்தின் வெடிப்புக்குள் போனது அதிகம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. படிக்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். அந்தப் பொடி அத்தனையும் தண்ணீரில் மிதந்து, மாடி மூலையில் இருக்கும் மழைநீர்க் குழாய்க்குள் சுழன்று சுழன்று இறங்கியது. குழாய் தெருச் சாக்கடையில் விடும், சாக்கடை பந்தல்குடி வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் வைகைக்கு. ஏழெட்டு மாதம் முன்னால் அது என் வீட்டு ஆணியில் முழுசாகத் தொங்கிய கவர். கையால் எடுக்க முடிந்த ஒரு பொருளை, யாராலும் எடுக்க முடியாத பொருளாக ஆக்கி, நானே ஆற்றுக்கு அனுப்பியிருந்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிட முடியவில்லை. குப்பை வண்டியில் போட்டிருந்தால்கூட அது கவராகவே போயிருக்கும்.

பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். இந்தக் கவர்கள் பாலித்தீன். வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் நீளமான சங்கிலிகள் துண்டாகின்றன, நெகிழ்வு போய் மொறுமொறுப்பு வருகிறது. மக்குவதில்லை, உடைகிறது, அவ்வளவுதான். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதற்கு மைக்ரோபிளாஸ்டிக் என்று பெயர். மாடித்தோட்டப் பைகளுக்கு வெயில் தாங்க மருந்து சேர்த்துத்தான் செய்கிறார்கள், நாற்றுப் பைகளின் கறுப்புக்கும் அந்தக் காரணம் உண்டு. மளிகைக் கவருக்கு அப்படி எதுவும் கிடையாது. கடையிலிருந்து வீடு வரைக்கும் போக வேண்டிய பொருள் அது. கவரில் செடி வையுங்கள், கயிறு திரியுங்கள் என்று சொல்கிற வீடியோ நூறு இருக்கிறது. செய்து முடித்த அன்றைக்கு எடுத்த படத்தோடு அவை நின்றுவிடுகின்றன. எட்டு மாதம் கழித்து அந்த மாடியில் போய் நின்று காட்டுபவர்கள் யாரும் என் கண்ணில் படவில்லை.

அடுத்த வருஷம், 2024 அக்டோபர் மழையில், பந்தல்குடி வாய்க்கால் நிரம்பிச் செல்லூர்த் தெருக்களுக்குள் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு. வடிந்த பிறகு வாசற்படியில் படிந்த சேற்றைக் கழுவினேன். சேற்றுக்குள் கவர் முழுசாகவும் இருந்தது, கிழிசலாகவும் இருந்தது, கண்ணுக்கு மட்டும் தெரிகிற நீலப்பொட்டாகவும் இருந்தது. அந்த நீலம் என் கொடியிலிருந்து வந்தது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குள் இருக்கிறவை

அதே கவரில் செய்த குளியலறை மிதியடி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நொறுங்கவில்லை, நிறம்கூட மங்கவில்லை. வெயில் படவில்லை, அதனால்தான். இதை வைத்துத்தான் என் வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. கவரில் எது செய்தாலும் அது வெயில் பார்க்காத இடத்தில் இருக்க வேண்டும், பழையதாகும்போது முழுசாகத் திரும்ப என் கைக்கு வர வேண்டும். கொலு பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது இடைவெளியெல்லாம் கசக்கிய கவர்தான். வைக்கோல் மாதிரி பூச்சி வராது, அழுத்தினால் திரும்ப எழும்பும். ஆனால் கவரைப் பொம்மைமேல் நேராகச் சுற்றாதீர்கள். மதுரைச் சூட்டில் வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டு விளாச்சேரிச் செட்டியார் பொம்மைக்கு ஒரு பக்கக் கன்னம் அப்படித்தான் போனது. வெளியில் எடுத்துப் போகாத தோல் பைக்குள் திணிக்கலாம், பித்தளைப் பாத்திரத்துக்கு நடுவில் வைக்கலாம், மழை நாளில் வண்டி சீட்டுக்கு மாட்டிவிட்டு இறங்கியதும் கழற்றலாம். இஸ்திரிப் பெட்டியால் நாலைந்து கவரை அடுக்கி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து ஒட்டித் தடிமனான தாளாக்கலாம் என்பதையும் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது, மழைக்கோட்டுத் துணி மாதிரி. வாடை தலைக்கு ஏறியதால் விட்டுவிட்டேன்.

பால் கவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூலையை வெட்டும்போது அந்தச் சின்ன முக்கோணத்தைத் துண்டாக்காமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்படி வெட்டுங்கள். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு துண்டு, வருஷத்துக்கு 730. எந்தப் பழைய பேப்பர்காரரும் அந்தத் துணுக்கைப் பொறுக்கமாட்டார். முழுக் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் எடைக்கு எடுத்துக்கொள்வார்.

நான் நிறுத்தியவையும் உண்டு. குப்பைக்கூடையில் கவர் விரித்து, சோறும் தோலும் எல்லாம் போட்டு முடிந்து தெருவில் வைப்பதுதான் கவரை மறுபடி உபயோகிப்பதில் எல்லா வீட்டிலும் நடப்பது. அதுதான் ரொம்ப மோசம் என்று இப்போது நினைக்கிறேன். உள்ளே இருப்பது மக்க முடியாமல் நாறுகிறது, சோற்று வாடைக்கு மாடு கவரோடு தின்கிறது, இல்லாவிட்டால் தூய்மைப் பணியாளர் அதைக் கையால் கிழித்துக் கொட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவுக்கு வரும் அம்மா ஒருநாள் விரல் வெட்டுப்பட்டு நின்றார், யாரோ கட்டிப் போட்ட கவருக்குள் உடைந்த டம்ளர். இப்போது ஈரக் குப்பைக்கு மூடி போட்ட வாளி, அப்படியே கொட்டிவிட்டுக் கழுவி வைக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் சித்தி வீட்டில் வெந்நீர் அடுப்பு பற்றவைக்கக் கவரைக் கொளுத்துவார்கள், சீக்கிரம் பிடிக்கும் என்று. சித்தியின் இருமலைச் சொல்லிச் சொல்லி அதை நிறுத்தவைத்து, அந்த இடத்துக்குத் தென்னம்பாளையை அனுப்பி வைத்தோம். கறுப்புக் கவரில் சாப்பிடுகிற எதையும் வைப்பதில்லை. என்னென்ன கலர் பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்தாலும் கறுப்புச் சாயம் மறைத்துவிடும். துணி மாதிரி இருக்கும் கடைப் பையும் துணி இல்லை. சந்தேகம் இருந்தால் ஓர் இழையை நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், இது மணியாக உருகும். பீரோவில் வைத்திருந்த அப்படி ஒரு பை பட்டுச்சேலைமேல் பஞ்சாக உதிர்ந்து கிடந்ததை ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்து காட்டினார்.

கவரின் கடைசி எங்கே என்பதற்கு நம் ஊரே ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறது. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த, கவரைச் சேர்த்துத் தார்ச்சாலை போடும் முறை அது. ஜல்லியைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி, நறுக்கிய கவரை அதன்மேல் தூவினால் உருகி மெல்லிய பூச்சாகப் படிகிறது. பிறகு தாரைக் கலந்தால் பிடிப்பு கூடுகிறது, தண்ணீர் ஜல்லிக்குள் இறங்குவதில்லை. அதற்காக 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கவர் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் அது காய்ந்ததாக, சோறு படாததாக, தனியாகக் கட்டியதாக இருக்க வேண்டும். அதை நான் செய்ய முடியும். எங்கள் வீட்டில் உலர்ந்த குப்பை தனிச் சாக்கில் போகிறது, அதற்குள் கவர் தனி மடிப்பாக.

கீரைக்கார அம்மாவும் நீலமும்

இதையெல்லாம்விட நல்ல உபயோகத்தைக் கண்டுபிடித்தது அம்மாதான். காலையில் தள்ளுவண்டியில் கீரை கொண்டு வருபவர், கவர் கேட்கிறவர்களுக்காகப் புதுக்கட்டு வாங்கி வைத்திருப்பார். தடை இருப்பதால் பயந்து பயந்துதான் கொடுப்பார், கொடுக்காவிட்டால் ஆள் அடுத்த வண்டிக்குப் போய்விடும். அம்மா மீதமிருந்த நல்ல கவர்களைக் கழுவிக் கொடியில் இரண்டு மணிநேரம் மட்டும் போட்டு எடுத்து, வெற்றிலை மடிப்பதுபோல முக்கோணமாக மடித்து, இருபது இருபதாக அந்த அம்மாவிடம் கொடுக்க ஆரம்பித்தார். "புதுசு வாங்காத, இதையே குடு. வேணாங்குறவகளுக்கு வெறுங்கையில குடு." கவரைக் கவராகவே இன்னொரு நடை அனுப்பினால் ஒரு புதுக்கவர் குறைகிறது. மிதியடியாக்கினால் அது நடப்பதில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ராட்டை, கத்தரி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் சுற்றி வந்துதான் எனக்கு விளங்கியது.

என் பக்கத்தில், துணி கொண்டு வருகிறவர்களிடம் கவரை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். தைத்து முடிந்த ரவிக்கையை வெட்டுத்துணியில் தைத்த சின்னப் பையில் போட்டுத் தருகிறேன், அடுத்த முறை அந்தப் பையிலேயே கொண்டு வாருங்கள் என்று சொல்லி. மூன்றில் இரண்டு பேர் கொண்டு வருகிறார்கள். மாட்டுத்தாவணிக்கு மஞ்சப்பை இரண்டு, மீனுக்கு எவர்சில்வர் தூக்குவாளி. ஆணியைத் திரும்ப அடித்தாயிற்று, கட்டைப்பையும் தொங்குகிறது, கையை விட்டால் அடி தட்டுகிறது.

போன மாதம் அக்கா இரண்டாவது மிதியடிக்குப் பாவு கட்டினார். பேத்தி கேட்டாளாம், நடுவில் வெள்ளை, சுற்றிலும் நீலக்கரை. வெள்ளை எப்படியோ தேறிவிட்டது. கரை நாலு விரற்கடை ஏறியதும் நூல் தீர்ந்துபோய், தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றார்.

"நீலம் இருக்கா தாயி?"

கட்டைப்பையைக் கவிழ்த்துக் காட்டினேன். இரண்டு மருந்துக்கடைக் கவரும் ஒரு கறுப்பும் விழுந்தன.

"பக்கத்து வீட்டுல கேட்கவாக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். தையல் மிஷினுக்குக் கீழே நான் போட்டு வைத்திருந்த வெட்டுத்துணிகளைக் குனிந்து கிளறினார். யாருடைய ரவிக்கையிலோ மிஞ்சிய ஊதா நிறச் சுங்குடித் துண்டு ஒன்று, வெள்ளைப் புள்ளி போட்டது. அதை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உரசிப் பார்த்தார்.

"இத ஒன்றரை அங்குலமாக் கிழிச்சுக் குடு" என்றார்.